பொறுமைக் காப்பு

பூவிழிக்கு ஒன்பது வயது. ஆசிரியை கேள்வியை முடிக்கும் முன்பே பதிலைக் கத்திவிடுவாள். அவளைப் போன்ற அதிபுத்திசாலிப் பிள்ளைகளின் கையில் பள்ளிக்கூடமே ஒரு பொறுமைக் காப்பை மாட்டிவிடும். வாயைத் திறக்கப் போனாலே அது கிசுகிசுக்கும்: "அவசரப்படாதே. மூச்சை இழு, விடு."

இன்று கடைசித் தேர்வு. ஒரு முழுக் கதையைக் குறுக்கே பேசாமல், 'ம்' மட்டும் கொட்டிக் கேட்டால் காப்பு தானே கழன்றுகொள்ளும். இல்லையென்றால் இன்னும் ஓராண்டு. கதை சொல்ல அப்பா வேண்டுமென்றே மாசிலாமணி சித்தப்பாவை வரவழைத்திருந்தார்.

"அன்னைக்கு பஸ்ஸுல நல்லா தூங்கிக்கிட்டே ஒரு கல்யாணத்துக்குப் போனேனா..."

"ம்."

"சாப்ட்டு வெளிய வந்து பாக்குறேன், என் ஸ்கூட்டரக் காணோம்!"

பூவிழியின் கன்னங்கள் பூரியாக உப்பின. "ம்."

"வாட்ச்மேன் சட்டையப் புடிக்கிறேன். போலீஸ் வருது..."

"ம்ம்ம்." அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"பந்தியில இருந்தவங்க எல்லாம் பாதி எலையில எந்திரிச்சு வந்து தேட..."

"ஐயோ சித்தப்பா, நீங்க பஸ்ஸுலதானே போனீங்க!"

கத்தியது பூவிழி அல்ல, காப்பு. வீடே விழுந்து விழுந்து சிரித்தது.

சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. "யாரது குறுக்க பேசுறது? போச்சு, இனிமே மொதல்லேர்ந்துதான் சொல்லணும்."

காப்பு வெடவெடவென்று நடுங்கியது. பூவிழி அதைத் தட்டிக்கொடுத்தாள்.

"அவசரப்படாத. மூச்ச இழு, விடு. என்கூட சேந்து ம் கொட்டு."