இன்னும் ஒரே ஒரு எண்

"ஆபீஸ் கதவுக்குப் புரோகிராம் எழுத இத்தனை நேரமா?" என்று மேனேஜர் எரிந்து விழுந்தார்.

"உள்ளே விட வேண்டியவங்க கார்டு எண்ணையெல்லாம் பில்டர்ங்கிற பட்டியல்ல ஒவ்வொண்ணா சேர்த்துட்டிருக்கேன் சார்," என்றாள் புரோகிராமர். "பில்ட்னு கட்டளை கொடுத்துட்டா பட்டியல் பூட்டிக்கும், அப்புறம் எதையும் சேர்க்க விடாது. இன்னும் ஒரே ஒரு எண்ணு..."

"எனக்கே பாடம் நடத்துறியா? வாயை மூடிக்கிட்டு பில்ட் கொடு!"

கொடுத்தாள்.

நாலு வார்த்தை திட்டினால்தான் இதுகளிடம் வேலை நடக்கிறது என்று அவருக்கு ஒரே பெருமை.

மறுநாள் முதலாளி கார்டைக் காட்டினார், கதவு திறந்தது. அவருடைய டிரைவருக்கும் திறந்தது. பின்னாலேயே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்த மேனேஜருக்குச் சிவப்பு விளக்குதான் எரிந்தது. கண்ணாடிக்கு உள்ளேயிருந்து முதலாளி முறைத்தார்.

"விட்டுப்போனது என் எண்ணுன்னு நேத்தே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்று, பின்னால் நின்றவளிடம் பல்லைக் கடித்தார்.

"வாயை மூடச் சொன்னீங்களே சார்!"

அவள் தன் கார்டைக் காட்டினாள். கதவு திறந்தது.