மீசைக்காரிகள்

“மீசையை ஒதுக்குடி. மூஞ்சியே தெரியல.”

உள்ளறையில் மருமகளின் குரல் கேட்டதும் மாமனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் அவளை விட்டால் வேறு பெண்பிள்ளை கிடையாது. மீசை வைத்த பெண்பிள்ளையை அவர் இதுவரை பார்த்ததும் கிடையாது.

எட்டிப் பார்த்தார். தரையில் குப்புறப் படுத்து, கண்ணாடி டப்பாவுக்குள் கேமராவை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். டப்பாவுக்குள் மூன்று சுவர்க்கோழிகள். சுவர் இடுக்கில் உட்கார்ந்துகொண்டு கிர்ர் கிர்ரென்று ஊரைக் கூட்டுமே, அதே கறுப்புப் பூச்சிகள்தான். உடம்பைவிட நீளமான மீசையை ஆட்டிக்கொண்டு போஸ் கொடுத்தன.

“அப்படியே இருடி தங்கம். கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பு.”

“ஓஹோ, திருட்டுப் பயலுங்க இங்கதான் குடியிருக்கானுங்களா?” என்றார் மாமனார். அச்சாபீஸில் மெஷின் ஓட ஓடப் பேசிப் பழகிய குரல். ரிடையரான பிறகும் அது இறங்கவே இல்லை. “மாசக்கணக்கா என் தூக்கத்தைக் கெடுக்கறது இவனுங்கதானா?”

“ஐயோ மாமா, இதுங்க வாயே திறக்கல...”

“நீ பேசாதே.”

பூச்சிச் சத்தம் தாங்கவில்லை என்று முதலில் பின்பக்கத்துப் புல்லை மொட்டையடித்திருந்தார். அந்தப் புல்லில்தான் அவளுடைய வெட்டுக்கிளிகள் இருந்தன. ஊர்ப் பூச்சிகளுக்கு ஒரு படப் புத்தகம் போட வேண்டும் என்று, வங்கி வேலை போக மிச்ச நேரத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். குட்டை மீசைக்காரர்களான வெட்டுக்கிளிகளின் பகுதி அதோடு பாதியில் நின்றது. வயதானவர் தூங்கினால் சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்து சமையலறைச் சாக்கடைக்கு மருந்து அடித்தார். அப்புறம் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார். பஞ்சு வைத்தால் சத்தம் இன்னும் கூடுகிறது, கடைக்காரன் மட்டமான பஞ்சைத் தலையில் கட்டிவிட்டான் என்று அவனையும் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். இப்போது மிச்சம் இருந்தது இந்த டப்பாதான்.

“தூக்கி வெளிய எறி.”

“மாட்டேன்.”

கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் அவள் சொல்லாத சொல் அது. சொன்ன பிறகு பயமாக இல்லை. இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததுதான் எரிச்சலாக இருந்தது.

மாமனார் விருட்டென்று போனார். துணிமணியை அடைத்த பையோடு திரும்பி வந்தார். “நான் மக வீட்டுக்குக் கிளம்பறேன். ஒண்ணு இங்க நான் இருக்கணும், இல்ல இவனுங்க இருக்கணும்.”

சத்தம் கேட்டு ஓடிவந்த கணவன் வழக்கம்போல் நடுவில் வந்து நின்றான். வழக்கம்போல் அப்பா பக்கமே சாய்ந்தான்.

“விட்டுடேன், அப்பா பாவம். நீதானே சொன்ன, ஆம்பளைப் பூச்சிதான் றெக்கையை உரசிக் கத்தும், ஜோடி கிடைக்கிற வரைக்கும் ஓயாதுன்னு. அவர் எப்படித் தூங்குவார்?”

“புல்லைக் கேட்டார், விட்டுக்குடுத்தேன். இதை விடமாட்டேன். இந்த வீட்டுல யார் சத்தம் போட்டாலும் பழி என் தலையிலதான் விழணுமா?”

“பழியா? இப்பக்கூடக் கத்தறானே. ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கு, அப்பவும் மண்டையைக் குடையறான். நீயே கேளுடா” என்றார் மாமனார்.

மகன் காதைத் தீட்டிக்கொண்டான். டப்பாவைப் பார்த்தான். அப்பாவின் கையிலிருந்த பையைப் பார்த்தான். “ஆமாப்பா, லேசா கேக்குது.”

“உங்களுக்குமா?” என்றாள்.

“கேக்குதுன்னுதானே சொல்றேன்” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. மாமனார் மீது வந்ததைவிட இவன் மீதுதான் அதிகம் வந்தது. டப்பாவை மூடி இடுப்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். கேமராத் திரையை இருவருக்கும் நேராக நீட்டினாள்.

சுண்டுவிரல் நுனி அளவுப் பூச்சி, திரையில் உள்ளங்கை அகலத்துக்கு நின்றது. முன்னங்கால் மூட்டுக்குக் கீழே பொட்டு வைத்ததுபோல் அதன் காது தெரிந்தது. உடம்பு முடியும் இடத்தில் கோணி ஊசி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

“கடைசியில நீட்டிக்கிட்டு இருக்கே, அது என்ன தெரியுதா மாமா?”

“கொடுக்கு. கடிக்கவும் செய்வானா?”

“கொடுக்கு இல்ல, முட்டை வைக்கிற ஊசி. மூணுக்கும் இருக்கு. பேருக்கேத்த மாதிரி மூணுமே கோழிங்க. கூவறதுக்கு இதுல ஒரு சேவல்கூடக் கிடையாது.”

கணவன் சட்டென்று குனிந்து தரையில் எதையோ தேடினான். அங்கே தேட ஒன்றும் இல்லை.

மாமனார் டப்பாவின் மேல் காதை வைத்தார். காதை எடுத்தார். கூடத்துக்குப் போய் நின்று பார்த்தார், வாசலுக்குப் போய் நின்று பார்த்தார். திரும்பி வந்தபோது முகத்தில் கோபம் போய்ப் பயம் வந்திருந்தது.

“எங்க போனாலும் கேக்குதேம்மா” என்றார். அந்த வீட்டில் முதல் தடவையாக அவர் குரல் இறங்கியிருந்தது.

“பையை வைங்க மாமா, காது டாக்டர்கிட்ட போறோம்.”