செருப்பைக் கழற்றும் இடம்

சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திய துரை, செருப்பைக் கழற்றி ஒரு சிவப்புக் கல்லின் ஓரமாக வைத்தான்.

பின்னால், லாரி அகலத்துக்கு வெட்டிய சரிவில் பிரேக்கைப் பிடித்தபடி இறங்கி வந்த ஒன்பது சைக்கிள்களும் நின்றன. கல்பாக்கத்தில் இன்ஜினீயராக இருக்கும் ஹரிகிருஷ்ணன் குனிந்து தன் ஷூ லேஸை அவிழ்த்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அவிழ்த்தார்கள்.

“இங்கே என்ன கோயில், துரை?”

“கோயிலெல்லாம் இல்ல சார். நீங்க போட்டுக்கினே வரலாம். எனக்கு இது பழக்கம்.”

“அப்பா, முதல்ல ஷூவைப் போடுங்க. உங்க சாக்ஸ் நாத்தத்துக்கு சாமி இருந்தாலும் ஓடிடும்” என்றாள் அவர் மகள் அனு.

எல்லோரும் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. கைடு வேலைக்குச் சேர்ந்த இந்த மூன்று மாதமாக அவன் முகம் அப்படித்தான் இருந்தது.

காலை ஆறு மணிக்கு மாமல்லபுரத்திலிருந்து கிளம்பிய கூட்டம் அது. இரண்டு நாள் சைக்கிள், நடை, சாப்பாடு, கூடவே கைடு. ‘செம்பாறைப் பள்ளத்தாக்குப் பயணம் 2007’ என்று முதலாளி சம்பத் நோட்டீஸ் அடித்து, கேளம்பாக்கம் ஐ.டி. கம்பெனி வாசல்களில் விநியோகித்திருந்தார்.

இன்று சம்பத்தும் மோட்டார் பைக்கில் பின்னாலேயே வந்திருந்தார். துரைக்கு இன்றுதான் கடைசிப் பரீட்சை. தேறினால் வேலை நிரந்தரம். மாமல்லபுரம் ஆபீஸுக்குப் பின்னால் ஓர் அறையும் உண்டு.

துரைக்கு அந்த அறைதான் வேண்டும். அவன் அம்மா காசியம்மாள் இரண்டு வருடமாக அச்சரப்பாக்கத்தில் மருமகன் வீட்டு மாட்டுக் கொட்டகை ஓரம் படுத்துக் கிடக்கிறாள். “உங்கம்மாவுக்கு சொந்த ஊருன்னு ஒண்ணு கீதா, இல்லியா?” என்று மருமகன் தினமும் மனைவியிடம் கேட்பது அவள் காதிலும் விழும்.

சம்பத் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார்.

“சொல்லிக் குடுத்தத மட்டும் சொல்லு. சொந்தக் கத வாணாம். உனக்கு முன்னாடி இருந்த ரெண்டு பேருக்கும் அதுலதான் வேல போச்சி.”

வெறுங்காலுடன் துரை முன்னால் நடந்தான். இரண்டு பக்கமும் ஐந்து மாடி உயரத்துக்குச் சிவப்புச் சுவர்கள். தூரத்தில் பச்சையாகத் தேங்கிய தண்ணீர். யாரோ விசிலடித்தார்கள், விசில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது.

“மூணு கோடி வருசமா காத்தும் மழையும் செதுக்குன எடம் சார் இது” என்று ஒப்பித்தான் துரை. “செவுத்துல கோடு கோடா கீது பாருங்க. அதுக்குப் பேரு மழை விரல்.”

ஹரிகிருஷ்ணன் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். இரும்புப் பல்லால் வாரியது போல ஐந்தைந்து கோடுகளாக மேலிருந்து கீழே நேராக இறங்கியிருந்தன. சாண் போட்டு ஒன்றை அளந்தார். பிறகு அடுத்ததை.

“எல்லாம் ஒரே அளவா இருக்கே! மழை இவ்வளவு கணக்கா கோடு போடுமா?”

“அதானே சார் இயற்கையோட அதிசயம்!” என்று சம்பத் முந்திக்கொண்டார்.

அனு கேமராவை இறக்கிவிட்டுத் துரையோடு சேர்ந்து நடந்தாள்.

“அண்ணா, நீங்க இந்த ஊரா?”

“ஆமா மேடம்.”

“வீடு எங்க?”

“மேல.”

அவள் அண்ணாந்து சுவரின் விளிம்பைப் பார்த்தாள். அங்கே ஒற்றைப் பனைமரம் தெரிந்தது.

“குடுத்து வெச்சவங்க நீங்க. தினம் காலையில எழுந்ததும் இதைத்தானே பார்த்திருப்பீங்க!”

துரை தலையை ஆட்டினான்.

ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுச் செருப்பு கிடந்த இடத்துக்கே திரும்பினார்கள். ஹரிகிருஷ்ணன் கருத்துப் புத்தகத்தில் ‘கைடு பிரமாதம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைப் படித்த சம்பத் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துத் துரையின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

“பாஸாயிட்டடா. நாளைக்கே அம்மாவ கூட்டினு வந்துடு.”

துரை சாவியைப் பார்த்தான். ஒரு கதவின் சாவி அவன் கைக்கு வந்து நாளாகியிருந்தது.

அனு தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். “அண்ணா, சுத்தமா காலி. உங்க வீட்டுல கொஞ்சம் பிடிச்சுக்கலாமா? மேலதானே?”

“வேன்ல கேன் கீது மேடம். இப்ப வந்துடும்” என்றார் சம்பத் அவசரமாக. துரையைப் பார்த்து, வேண்டாம் என்பது போல் லேசாகத் தலையசைத்தார்.

“அஞ்சு நிமிஷம்தானே சார்? அவங்க அம்மாவையும் பார்த்த மாதிரி இருக்கும். எந்தப் பக்கம்ணா ஏறணும்?”

துரையின் கால் விரல்கள் செருப்பைத் தேடித் தொட்டன. ஆனால் நுழையவில்லை. கையில் சாவியோடு அவன் தலையை நிமிர்த்தினான்.

அவனைப் பார்த்து எல்லோரும் அண்ணாந்தார்கள். அவர்கள் தலைக்கு நேர் மேலே மரமோ மேடோ எதுவும் இல்லை. வெறும் ஆகாயம். அதில் ஒரே ஒரு பருந்து.

மூன்று கோடி வருடத்தைச் சொன்ன அதே குரலில் துரை சொன்னான்:

“அதோ பருந்து சுத்துதே மேடம், அங்கதான் எங்க வூட்டு வாசல் இருந்துச்சி.”