ஒரே ஒரு ஸ்கிரீன்

சுதாகர் தர வேண்டியது இரண்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய்.

வாசற்கதவில் பெயரும் தொகையுமாகச் சாக்பீஸால் எழுதியிருந்தது. பதினோரு மாதமாக, மாதாமாதம் பழைய தொகையை அழித்து இருநூற்றைம்பது கூட்டி எழுதியது கஜபதிதான். கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றவரின் மூக்குக்கு நேராக அந்தக் கணக்கு நின்றது.

உள்ளே மகன் எழிலனுக்குப் படையல் போட்டிருந்தது. அமாவாசை, உச்சிப்பொழுது. படத்துக்கு முன்னால் இலை. இலையில் வடை, பாயசம், அவன் குடிக்கிற கலர் ஒரு பாட்டில். இலைக்கு எதிரே டிவி.

செத்தவன் எதற்கு ஆசைப்பட்டானோ அதை வைக்க வேண்டும். எழிலன் ஆசைப்பட்டது ஒரு கொரியா நாட்டுத் தொடருக்கு. பாதியில் விட்டுப் போயிருந்தான்.

அதனால் அமாவாசைக்கு அமாவாசை அவன் அம்மா புஷ்பலதா கற்பூரம் ஏற்றுவாள், ரிமோட்டில் அவன் பெயரை அமுக்குவாள், திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிடுவாள். கால் மணி நேரம் கதவு சாத்தியிருக்கும். யாரும் பார்க்காதபோதுதான் செத்தவர்கள் வருவார்கள்.

அதுவரைக்கும் சரி. அடுத்த அமாவாசைக்கு டிவியைப் போட்டால் தொடர் விட்ட இடத்தில் இருக்காது. எழிலன் பெயருக்குள், எதுவரை பார்த்தாயிற்று என்று காட்டும் சிவப்புக் கோடு இரண்டு எபிசோடு தாண்டிப் போயிருக்கும். இடையில் வீட்டில் ஒருத்தரும் அதைத் தொட்டதில்லை.

முதல் தடவை புஷ்பலதா நடுங்கினாள். மூன்றாம் தடவை சிரித்தாள். "புள்ள பாத்துகினுதான்யா கீறான்."

கஜபதிக்குத்தான் நடுக்கம் நிற்கவில்லை. அணைத்த டிவியின் கறுப்பில் தன் முகம் தெரிந்தாலே பின்னால் திரும்பிப் பார்ப்பார்.

போன வாரம் டிவியில் இருந்த இரண்டு ஆப்காரர்களும் மாத விலையை ஏற்றினார்கள். எழிலனுடையது ஐந்நூறிலிருந்து அறுநூற்றைம்பது. புஷ்பலதா சீரியல் பார்ப்பது நூற்றைம்பதிலிருந்து முந்நூறு. கரும்பு லோடு ஏற்றுகிற கூலிக்கு ஒன்றுதான் தாங்கும்.

எழிலனுடையதை நிறுத்திவிடலாம் என்றார் கஜபதி. அது நின்றால் அந்தக் கோடும் நிற்கும்.

"என்னுத கட் பண்ணு," என்றாள் புஷ்பலதா. "புள்ளய ரெண்டாவது வாட்டி அனுப்பாத."

மருமகளுக்கு விஷம் வைக்கிற இடத்தில் அவளுடைய சீரியல் நின்றுபோனது.

செல்போன் கடை தீபா இன்னொரு வழியும் சொன்னாள். "ஒரே ஸ்கிரீன் பிளான் போட்டுக்குங்கண்ணே, முந்நூறுதான். ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பாக்கலாம்."

"எங்க வூட்ல ஒருத்தன்தான் பாக்கறான்," என்றார் கஜபதி. தீபா சிரித்துக்கொண்டே பிளானை மாற்றிக் கொடுத்தாள்.

அதுவரை இருந்த இரண்டு ஸ்கிரீன் பிளான் எழிலனும் அவன் கூட்டாளி சுதாகரும் பாதிப் பாதி போட்டு எடுத்தது. சுதாகர் பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிறவன். இந்த வீட்டில் சோறு தின்று, கஜபதியை நைனா நைனா என்று கூப்பிட்டவன். பதினோரு மாதமாக இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. பங்குப் பணமும் வரவில்லை.

"பாட்டு வர்லயே," என்றாள் வாசலில் பக்கத்தில் நின்ற புஷ்பலதா.

ஆமாம். தொடர் தொடங்கும்போது ஒரு பாட்டு வரும். கதவுக்குப் பின்னால் சத்தமே இல்லை. ஃபேன் மட்டும் சுற்றியது.

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாகக் கதவைத் தள்ளினார்கள்.

கற்பூரம் அணைந்திருந்தது. டிவியில் படம் இல்லை. கறுப்பில் வெள்ளையாக இரண்டு வரி.

"இன்னா எழுதிகீது? படிய்யா."

கஜபதி எழுத்துக் கற்றது நாற்பத்திரண்டு வயதில். மில் சீட்டில் அப்பா கட்டைவிரலை உருட்டுவது பொறுக்காமல் எழிலன் கற்றுக்கொடுத்தான். ஆப்பைத் தமிழுக்கு மாற்றி வைத்ததும் அவன்தான். ஆனால் வாயால் சொல்லாமல் கஜபதிக்கு ஓர் எழுத்தும் விளங்காது. உதடு அசைந்தால்தான் சொல் வரும்.

"இந்தக் கணக்கில்… வேறு… ஒருவர்… இப்போது… பார்த்துக்… கொண்டிருக்கிறார்."

புஷ்பலதா இலைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையும் தானாகச் சேர்ந்தன.

கஜபதி பின்னால் திரும்பிப் பார்த்தார். கீழே இன்னொரு வரி இருந்தது, சின்ன எழுத்தில். படிக்க வாயைத் திறந்தார். முதல் எழுத்திலேயே மூடிக்கொண்டார்.

வாய் அசையாமல் அவர் படித்த முதல் வரி அது.

"சுதாகர் போன்." எந்தப் போனில் ஓடுகிறது என்று ஆப் காட்டுகிற பெயர்.

கனகம்மாசத்திரம் ரோட்டில் விபத்து நடந்த அன்றைக்கு வண்டியை ஓட்டியவன் சுதாகர். பின்னால் உட்கார்ந்திருந்தவன் எழிலன்.

சுதாகருக்கும் அந்த ஆப்பில் தனிப் பெயர் உண்டு. அதில் போய்ப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. எழிலன் விட்ட இடத்திலிருந்து, எழிலன் பெயருக்குள் உட்கார்ந்து, மாதம் இரண்டாக அவன்தான் நகர்த்தியிருக்கிறான். இன்றைக்கு அமாவாசை என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது. உச்சிப்பொழுதில் தறியை நிறுத்தியிருக்கிறான்.

"கீழ இன்னா போட்டுகீது?"

"ஒண்ணுமில்ல. ஒருத்தர் பாக்கறப்போ இன்னொருத்தர் பாக்க முடியாதாம்."

"அப்போ நம்மளுத அணைச்சுடுய்யா. அவன் பாக்கட்டும்."

"ஆங்," என்றார் கஜபதி. "பாக்கட்டும்."

டிவியை அணைத்தார். கறுப்பில் அவர் முகம் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வந்து கதவின் முன் நின்றார். முன்பு சீட்டில் உருட்டிய அதே கட்டைவிரலை எச்சிலில் தொட்டுத் தேய்த்தார்.

தொகையை மட்டும் அழித்தார். பெயரை விட்டுவிட்டார்.