காது வெட்டாத குற்றம்

நீதிபதி, என் எஜமான் பென்ஹாலோ, காவலர், கைவிலங்கோடு நான். அன்று ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகர நீதிமன்றத்தில் நாலே பேர்.

"ஆடு திருடி இங்கிலாந்துலேருந்து நாடு கடத்தி, என் ஆட்டுப் பண்ணை வேலைக்கு அனுப்பின கைதிப் பய இவன். சொன்ன வேலையைச் செய்ய மாட்டேங்கிறான்" என்றார் பென்ஹாலோ.

"என்ன வேலை?"

"பண்ணை அடையாளத்துக்கு ஆட்டுக் காதை வெட்டுறது."

நீதிபதி சிரித்தார். "ஆட்டையே திருடினவனுக்குக் காதை வெட்டக் கை கூசுதோ? ஐம்பது சவுக்கடி."

"அது ஏற்கெனவே வெட்டின காது, துரை. பக்கத்துப் பண்ணை ஆடுங்க. பழைய அடையாளம் தெரியாம இன்னும் ஆழமா வெட்டச் சொன்னாரு எஜமான்" என்றேன்.

பென்ஹாலோ தலை குனிந்தார். நீதிபதி அவரைப் பார்க்கவேயில்லை.

"கைதி நாயே, எஜமான் மேலேயே பழியா? இருட்டறையும் சேத்துக் குடுங்க இவனுக்கு!"

திருடியதற்குக் கப்பலேற்றியவர்கள், திருட மறுத்ததற்கு என்னை இருட்டறைக்குள் தள்ளி, கதவைச் சாத்திப் பூட்டினார்கள்.