ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒளிந்த பூனை

"நல்லதுக்குச் சொன்னா யார் கேக்கறா?"

காலையிலிருந்து துடைப்பம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒடுங்கியிருந்த தெருப்பூனை, அதைக் கேட்கக் கேட்க இன்னும் ஒடுங்கியது.

பூனைக்கு ஒரு வீடு கிடைத்திருந்தது. சாயங்காலம் அழைத்துப்போக ஆள் வரும். அதற்குள் அது தனக்குள்ளே வராவிட்டால் மறுபடி தெருதான் என்று, பூனையைப் பிடிக்கக் கொண்டுவந்து வைத்திருந்த கூண்டு துடைப்பத்திடம் பேசிப்பார்த்தது.

"அக்கா, நீங்க கொஞ்சம் வெளியே நில்லுங்களேன்."

"அன்பாக் கூப்பிடற என்னையா விரட்டறே? பாரு இப்போ." துடைப்பம் தரையில் படார் படாரென்று தட்டியது. "வாடி தங்கம், உன்னை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டோம்."

பூனை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது.

கூண்டு போட்டது ஒரு போடு. "மாடிப்படியெல்லாம் குப்பையாம். எதிர்வீட்டுத் துடைப்பம் சொல்லிச் சிரிக்குது."

துடைப்பம் சிலிர்த்துக்கொண்டு கிளம்பியது.

கூண்டு பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு, மத்தி மீனை உள்ளே வைத்து, வாசலைத் திறந்து சும்மா இருந்தது. வெகுநேரம் கழித்து, பூனை வயிற்றால் ஊர்ந்து இருட்டுக்குள் நுழைந்தது. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

திரும்பி வந்த துடைப்பம் முறத்தையும் வாளியையும் கூப்பிட்டுக் காட்டியது. "நான் கூப்பிட்ட அழகுக்கு எப்படி ஓடி வந்திருக்கா, பாருங்க."

துண்டுக்கு அடியிலிருந்து பூனை முதல்முறையாக வாயைத் திறந்தது.

"கூண்டக்கா, துடைப்பம் இல்லாத வீடாப் பார்த்து என்னை விடச் சொல்லுங்களேன்."