வெறும் கொழுப்புக் கட்டி

பளாரென்று விழுந்த அறையில் மனைவி சுவரோடு போய் மோதினாள்.

"ஆறின காபியை எவன்டி குடிப்பான்?"

அறைந்த கை அவனுக்கு விண்ணென்று வலித்தது. சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினான். "இந்தக் கட்டி வேற பெருசாயிட்டே வருது. என்னன்னு பாரு."

உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அழுத்திப் பார்த்தாள். கல்லாக இருந்தது, அசையவில்லை.

"வெறும் கொழுப்புக் கட்டிங்க. தானா கரைஞ்சிடும்."

நோய்நொடி விஷயத்தில் மட்டும் அவள் பேச்சு அவனுக்கு வேதவாக்கு. விட்டுவிட்டான்.

அடுத்த வருஷம் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "புற்றுக்கட்டி. தோளோட கையை எடுத்தாகணும்."

பிறகு அவளிடம் திரும்பினார். "சிஸ்டர், இதே கேன்சர் வார்டுல இத்தனை வருஷமா நர்ஸா இருக்கீங்க. உங்களுக்குக்கூடவா தெரியல?"

"தொட்ட அன்னைக்கே தெரிஞ்சுது டாக்டர்" என்றாள், அன்று காலை வாங்கிய அறையில் வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டே.